நாலு பத்துக்குப் பாரம் எடுத்தவன்

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டலாம். எனக்குக் கோபமில்லை, கோபப்படுவதற்கு வேண்டிய தென்பும் இல்லை. பொய் சொல்வதென்றால் இதைவிட மரியாதையான பேயாகப் பார்த்துப் பிடித்திருப்பேன். வெள்ளைச் சேலை, கொலுசு, நடுச்சாமம். எனக்கு வாய்த்ததோ பிற்பகல் நாலு பத்துக்கு, தென் லண்டனின் சட்டனில், எங்கள் வீட்டு முன்னறையில் வந்தது. லண்டன் டிசம்பரில் நாலு பத்தும் இருட்டுத்தான். பேய்க்குச் சாதகமாக இருந்தது அது ஒன்றுதான்.

என் பெயர் ஜீவரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. இருபத்திநாலு வருடம் பெற்றோல் செட்டில் வேலை செய்தவன். அங்கே ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஆள் வந்து பாரம் எடுக்கும்வரை நிற்கிற ஆள் அசைய முடியாது. வருகிறவன், "சரி, நீ போ, நான் நிக்கிறன்" என்று சொல்லி, பதிவுப் புத்தகத்தில் நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைப்பான். அதற்குப் பிறகுதான் நிற்கிறவன் ஜக்கெற்றில் கை வைக்கலாம்.

அந்த "நான் நிக்கிறன்" என்ற சொல்லை என் அளவுக்குச் சொன்ன தமிழன் தென் லண்டனில் கிடையாது. ஒருவனுக்கு மகளின் பிறந்தநாள். ஒருவனுக்குக் கோயில் தேர். ஒருவனுக்குச் சும்மா அலுப்பு. எல்லோரும் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். 'கவர் அண்ணை' என்பதே என் பட்டப்பெயர்.

போன வருடம் மார்ச்சில், யாரோ ஒருவனின் ஷிப்டில், சிகரெட் அலுமாரிக்கு முன்னால் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பி வலையால் செய்த சின்னக் குழாய். நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம். கண் விழித்தபோது மனைவி சந்திரவதனா கட்டிலோரம் இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"இனி ஆருக்கும் பதிலா நிக்கிறேல்லை. சொல்லுங்கோ."

"நிக்கிறேல்லை."

"என்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லுங்கோ."

வலக் கையில் ஊசி ஏறியிருந்தது. இடக் கையை வைத்துச் சத்தியம் செய்தேன்.

வேலையை விட்டேன். வீட்டில் சும்மா இருக்கிற மனிதன் வீட்டுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதை இரண்டு மாதத்தில் எல்லோரும் தெரிந்துகொண்டோம். மகள் துஷ்யா குரோய்டனில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறாள். பழைய கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் இடம். கசெற் ஓடும்போது ஒருவர் கூடவே இருந்து கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன சத்தம் என்று தாளில் குறிக்க வேண்டும். கதிரையில் இருக்கிற வேலை. கசெற் ஓட்டும் கருவி ஒன்றை எங்கள் முன்னறையில் கொண்டுவந்து பொருத்தினாள்.

"அப்பா, பச்சைப் பேனாதான். கசெற் அனுப்புறவையின்ரை எழுத்தோட எங்கடை எழுத்துக் கலக்கக் கூடாது. விளங்காட்டி 'விளங்கவில்லை' எண்டு எழுதுங்கோ. கற்பனை பண்ணி எழுதாதேங்கோ."

"நான் எப்ப கற்பனை பண்ணினனான்?"

அவள் பச்சைப் பேனாவை என் சட்டைப்பையில் குத்திவிட்டுப் போனாள்.

நவம்பரில் ஒரு பெரிய பெட்டி வந்தது. அமெரிக்காவில், பாலைவனத்தின் நடுவில் இருக்கிற ஒரு உல்லாச நகரம். அதன் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் அனுப்பியது. நகரத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே 'அந்த ஊர்'.

இரண்டு வாரம் அந்த ஊரின் வரலாற்றைக் காதால் குடித்தேன். முதலில் ஒரு வெந்நீர் ஊற்று. அதைச் சுற்றி அந்த மண்ணின் பழைய சனங்கள். பிறகு நெஞ்சு வருத்தக்காரருக்கு ஒரு ஆஸ்பத்திரி. பிறகு சினிமாக்காரர். பிறகு ஹோட்டல்கள், ஹோட்டலுக்கு ஒரு நீச்சல் குளம், மணலுக்கு மேல் பச்சைப் புல். ஊற்றுப் பக்கத்தில் குடியிருந்தவர்களை ஒருநாள் புல்டோசர் கொண்டுவந்து விளிம்புக்குத் தள்ளினார்கள். ஹோட்டல் அறை துடைத்த ஒரு அம்மா, ஒரு கசெற்றில், இருபது நிமிடம் துவாய் மடிப்பதைப் பற்றி மட்டுமே பேசினார். இருபத்தோராவது நிமிடத்தில், அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் அவருடைய வீட்டை இடித்ததைச் சொன்னார். அதே குரலில். நான் தாளில் "00:21:05, மூச்சு" என்று மட்டும் எழுதினேன். வேறென்ன எழுத?

ஒரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. அந்த ஊர் குளிர்காலத்துக்கு மட்டும்தான் ஊர். கோடையில் வெயில் நாற்பத்தெட்டுப் பாகைக்கு ஏறும். அந்தக் காலத்தில் ஜூனில் ஹோட்டல்களை மூடிவிட்டு எல்லோரும் போய்விடுவார்களாம். ஹோட்டலுக்கு ஒரு காவல்காரன் மட்டும் மிச்சம். செப்டம்பர் வரைக்கும்.

பெட்டியின் அடியில் இருந்தவை அப்படி ஒரு ஹோட்டலின் காவல் கசெற்றுகள். 1978 கோடை. பதின்மூன்று கசெற்.

ஹோட்டல் முதலாளி கோடையில் கடற்கரையில் இருப்பான். காவல்காரன் தூங்குகிறானா என்று அவனுக்குச் சந்தேகம். ஆகவே ஒவ்வொரு சுற்றையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். நேரம், இடம், நிலைமை. பிறகு 'டக்' என்று நிறுத்த வேண்டும். காவல்காரனின் பெயர் 'பெரி' என்று பெட்டியில் இருந்தது. வயது இருபத்தொன்பது.

திங்கட்கிழமை, முதல் கசெற். செருப்புச் சத்தம். திறப்புக் கோர்வை, சாவிகள் குலுங்குகிற சத்தம். பிறகு ஒரு குரல்.

"மை நேம் பரமேஸ்வரன். தே கோல் பெரி. ரென் பாஸ்ற் ஃபோர். பூல். ஓல் கறெக்ற்."

நாலு பத்து, குளம், எல்லாம் சரி. பேனாவை வைத்துவிட்டேன். பெயரைக்கூட விடுங்கள். அந்தக் 'கறெக்ற்' ஒன்று போதும், அது யாழ்ப்பாணத்து நாக்கு. பாலைவனத்தின் நடுவில், நாற்பத்தெட்டுப் பாகையில், எங்கள் ஆள்.

கப்பலில் போய், துறைமுகத்தில் இறங்கி, அப்படியே உள்நாட்டுக்கு வந்தவனாக இருக்க வேண்டும். அந்த நாளில் அப்படி எத்தனை பேர். அடுத்த இரண்டு நாளும் நானும் அவனும் ஒன்றாகச் சுற்றினோம். குளம், சமையலறை, பின் கேற், குளம். சுற்றுச் சுற்றாக அவன் குரல் களைத்தது. "ஓல் கறெக்ற்" மெல்ல "கறெக்ற்" ஆனது. பிறகு வெறும் மூச்சானது. எனக்கு அந்த மூச்சைத் தெரியும். விடிய ஐந்து மணிக்குப் பெற்றோல் செட்டில் நானும் அப்படித்தான் மூச்சு விட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாவது கசெற்றில், ஆகஸ்ட் முதலாம் திகதிக்குப் பிறகு, முதல் தடவையாகத் தமிழ் வந்தது. முதலாளிக்கு இல்லை. தனக்குத்தானே.

"பாரம் எடுக்க ஆள் வரேல்லை."

டக்.

அது புதன்கிழமை. வெளிச்சம் போயிருந்தது. ஹெட்போனைக் கழற்றும்போது, தமிழ் ஆளைக் கண்டால் யாழ்ப்பாணத்தான் ஒவ்வொருவனும் செய்கிற அதே வேலையை நானும் செய்தேன். காலியான அறையில், சத்தமாகக் கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் ஊரிலை எவடம்?"

கேட்டுவிட்டுச் சிரித்தேன். படுக்கப் போனேன்.

வியாழன். பிற்பகல் மூன்று முப்பத்தைந்து. சந்திரவதனா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள், ஐந்துக்குத்தான் வருவாள். பகலில் ஹீட்டர் போடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தேன். அதன் இரண்டாவது பொத்தான் தொலைந்துபோய், சந்திரவதனா ஒரு நீலப் பொத்தானை வைத்துத் தைத்திருந்தாள். பதின்மூன்றாவது, கடைசிக் கசெற்றைப் போட்டேன்.

ஒன்பது விநாடி மௌனம்.

"கரவெட்டி."

பயப்பட வேண்டிய இடம் அது. நான் பயப்படவில்லை. எனக்கு வந்த முதல் யோசனை, சந்திரவதனாவும் கரவெட்டிதானே, சொந்தமாக இருக்குமோ என்பதுதான்.

இரண்டாவது யோசனை வர நாலு விநாடி எடுத்தது.

தற்செயல் என்று எனக்கே சொன்னேன். தனியாக இருக்கிறவன் ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பான். நான் சொன்னதில்லையா? தாளில் எழுதினேன்: 00:00:09, "கரவெட்டி".

00:06:40. செருப்பு. திறப்பு. நீர்ப் பம்பின் இரைச்சல்.

00:14:12. இருமல்.

எழுதிவிட்டுப் பார்த்தேன். அது என்னுடைய இருமல். ஒரு நிமிடத்துக்கு முன் நான் இருமியிருந்தேன். அதே இரண்டு தடவை. அதே கனைப்பு.

கசெற்றில்.

அறை சூடாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஹீட்டரைத் தொட்டேன். பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. ஆனால் என் கழுத்தில் வியர்வை ஓடியது. மூக்கில் ஒரு மணம்... நீச்சல் குளத்துக்குப் போடுகிற குளோரின் மணம்.

நேரம் நாலு மணி.

"கேக்குதோ, தம்பி?"

அவனுக்கு வயது இருபத்தொன்பது. எனக்கு ஐம்பத்தெட்டு. ஆனால் 1978இல் நான் எட்டாம் வகுப்பு. அவன் சொன்னதுதான் சரி. இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓடாமல். மனித மூளையை நம்பக் கூடாது.

"ஓம்," என்றேன்.

பம்பின் இரைச்சல் நின்றது.

"கால் ஏலாமக் கிடக்கு, தம்பி."

கசெற்றில் ஒரு கதிரை கிரீச்சிட்டது.

"முதலாளி ஒண்டாந் திகதி ஆள் அனுப்புறன் எண்டவன். இண்டைக்குப் பதினொண்டு. போனும் எடுக்கிறானில்லை."

கருவிப் பக்கம் குனிந்து சொன்னேன். "திறப்பை ஆணியிலை கொழுவிப்போட்டுப் போங்கோவன், அண்ணை."

"பாரம் குடுக்காமலோ?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நான் பெற்றோல் செட்டில் நின்றவன். பாரம் கொடுக்காமல் எப்படிப் போவது?

"மனிசிக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாசம். நான் இன்னும் காணேல்லை."

கடிதம் மடிக்கிற சத்தம். பலதரம் மடித்த கடிதம்.

ஹெட்போனைக் கழற்றினேன்.

குரல் நிற்கவில்லை.

"ஒருக்கா நிப்பியோ, தம்பி?"

நாலு ஒன்பது.

சந்திரவதனாவின் தலை ஞாபகம் வந்தது. வகிட்டுப் பக்கம் நரைத்த அந்தத் தலை. அதில் வைத்த என் இடக் கை. இல்லை, ஏலாது, நான் சத்தியம் பண்ணியிருக்கிறன் அண்ணை, என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை சொல்லும் வாய்வரை வந்தன.

"சரி அண்ணை. நீங்கள் போங்கோ. நான் நிக்கிறன்."

கை தன்பாட்டில் போனது. இருபத்திநாலு வருடப் பழக்கம். தாளின் கடைசி வரியில், பச்சைப் பேனாவால், நாலு பத்து என்று நேரத்தைப் போட்டு, பெயரை எழுதினேன்.

கண்ணாடி மேசையில் ஒரு சத்தம்.

திறப்புக் கோர்வையை வைக்கிற சத்தம்.

எங்கள் மேசையில்.

பார்த்தேன்... ஒன்றுமில்லை.

செருப்பு. என் கதிரைக்குப் பின்னால். வாசல் பக்கம்.

ஒரு பெருமூச்சு. ஷிப்ட் முடிந்த மனிதனின் மூச்சு.

டக்.

கசெற் நின்றது.

ஐந்து மணிக்குச் சந்திரவதனா வந்து கதவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

"ஹீற்றர் போட்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகேன் அடுப்பு மாதிரிக் கிடக்கு? என்ன மணம் இது? குளியலறை கழுவினனீங்களோ?"

"ஓம்."

"நீங்களோ?" என்றாள். அவளுக்கு அன்றைக்குப் பேய்க் கதையாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இரவு தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லா வரியும் இருந்தன. கடைசி வரி இல்லை. விரலால் தடவினேன். பேனா அழுத்திய பள்ளம் இருந்தது. என் பெயரின் வளைவுகள் அத்தனையும் விரலுக்குத் தெரிந்தன. மை மட்டும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் சந்திரவதனாவின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தும்மினால் திடுக்கிட்டேன். படியில் இறங்கினால் பின்னாலேயே போனேன். "என்ன, புதுசா?" என்று வெட்கப்பட்டாள். பாவம்.

கிறிஸ்மஸ் லீவில் மெதுவாகக் கேட்டேன். "உங்கடை ஊரிலை, கப்பலுக்குப் போன பரமேஸ்வரன் எண்டு ஆரும் இருந்தவையோ?"

அவள் உடனே கரவெட்டிக்கு, தமையனுக்குப் போன் எடுத்தாள். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கப்பல் பரமேஸ்வரனோ? அந்தாள் செத்து இருபது வருசமடி. நல்ல சாவு, நித்திரையிலை. எழுபத்தெட்டு ஆவணிக் கடைசியிலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலிலை நிண்டவர். அவரின்ரை பெட்டை, தவழுற குழந்தை, ஆளைக் கண்டு கத்தினதாம்."

"எப்பிடி வந்தவராம், அண்ணை?" என்று சந்திரவதனா கேட்டாள்.

"கேட்டால் ஒண்டுதான் சொல்லுவார். 'எங்கடை பெடியன் ஒருத்தன் பாரம் எடுத்தவன்.' ஒவ்வொரு வருசமும் அந்தத் திகதியிலை கோயிலிலை அந்தப் பெடியன்ரை பேருக்கு ஒரு அர்ச்சனை செய்விப்பார். பேர் என்ன, மறந்துபோனன்."

மறந்ததே நல்லதென்று நினைத்தேன். எழுந்து போய்த் தேத்தண்ணி வைத்தேன். பொய் சொல்வானேன், கண் கலங்கியது. என் வாழ்க்கையில் நான் கவர் பண்ணிய ஷிப்டுகளில் ஒன்றாவது உருப்படியாகப் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை தகப்பனைக் கண்டது. இந்த விஷயம் இத்தோடு முடிந்தது என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

ஜனவரி பதினாறு. துஷ்யா ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தாள். வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் எழுதியது. துஷ்யா அவசரத்தில் இணைப்புகளைத் திறக்கவில்லை. "அப்பா, இதிலை ஏதோ ஒரு எழுத்து வாசிக்க வேணுமாம். தமிழ் மாதிரிக் கிடக்கெண்டு ஆரோ சொன்னவையாம்."

மிக மரியாதையான கடிதம். வேலைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பிறகு ஒரு உதவி கேட்டிருந்தார்கள். 1978 செப்டம்பரில் சீசனுக்காக அந்த ஹோட்டலைத் திறந்தபோது, வற்றிய குளத்தின் ஓரத்தில், காவல்காரனின் நாற்காலியில், ஒரு உடல் இருந்தது. வெயில் அதை விறகாக்கியிருந்தது. பெரி என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஆனால் இது வயதான ஆள், அறுபதுக்குக் கிட்ட. எங்கிருந்து வந்தான், எப்படி வந்தான், எவருக்கும் தெரியவில்லை. கேற் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. திறப்புக் கோர்வை அவன் மடியில் இருந்தது. பெயரில்லாமல் ஊர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். காவல் பதிவேட்டில் கடைசி வரி மட்டும் தெரியாத எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துச் சொன்னால், கல்லறைக்கு ஒரு பெயர் போடலாம்.

முதல் இணைப்பு, பதிவேட்டின் படம். பக்கம் முழுக்க நீல மை. கடைசி வரி மட்டும் பச்சை.

4.10. ஜீவரத்தினம்.

'ஜீ'க்கு நான் போடுகிற வாலோடு.

இரண்டாவது இணைப்பு, பிரேத பரிசோதனை அறிக்கையின் ஒரு பக்கம்.

உடை: பழுப்புக் கம்பளிச் சட்டை. அந்த வெயிலில் ஏன் என்று தெரியவில்லை. இரண்டாவது பொத்தான் நீலம்.

நெஞ்சுக்குள்: கம்பி வலையால் ஆன மிகச் சிறிய உலோகக் குழாய் ஒன்று. என்ன பொருள், எதற்கு வைத்தது, தெரியவில்லை.

அதற்குக் கீழே வைத்தியரின் கையெழுத்து. 1978.

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு துஷ்யாவுக்கு ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன், அவள் சொல்லித்தந்தபடியே.

"விளங்கவில்லை."

வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை, பழுப்புக் கம்பளிச் சட்டையை ஒரு பையில் போட்டு, கடைத்தெருவில் தரும நிதிக்குப் பழைய உடுப்பு விற்கிற கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது குளிர் எலும்பில் ஏறியது. ஆனால் மனம் லேசாக இருந்தது. சட்டை இல்லாவிட்டால் அந்த உடல் நானில்லைத்தானே? இந்தக் கெட்டித்தனத்துக்கு எனக்கு நானே கைகொடுத்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் சந்திரவதனா கடைக்குப் போய் வந்தாள். கையில் ஒரு பை.

"நீங்கள் என்ன வேலை பாத்திருக்கிறியள்? பழைய சாமானோட இதையும் சேத்துக் குடுத்திட்டியள். நல்ல காலம், கடைக் கண்ணாடிக்குள்ளை தொங்கினது. நீலப் பொத்தானைக் கண்டுதான் பிடிச்சனான். திருப்பி வாங்கியந்தனான்."

விரித்துப் பிடித்தாள். பழுப்பு நிறம். தோளில் ஏதோ மணல் மாதிரித் தூசு. தட்டிவிட்டாள்.

"போடுங்கோ. நெஞ்சு வருத்தக்காரன், இப்பிடிக் குளிருக்குள்ளை இருக்கிறியள்."

ஏலாது என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

கையை நுழைத்தேன். அவளே பொத்தான்களைப் பூட்டிவிட்டாள். முதலாவது. இரண்டாவது.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

நாலு எட்டு.